பத்து கஜச் சங்கிலி

வாரநாட்களில் பள்ளிப் பேருந்துகளுக்கு
பிரேக் மாற்றுகிறேன்.
ஞாயிறன்று எழுபதாயிரம் பேர் பார்க்க
ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
இன்னொரு கம்பு ஓட்டிஸ் ப்ரூவர் கையில்.
நடுவில் பத்து கஜச் சங்கிலி.
பத்தொன்பது வருடமாக அது
நீண்டதும் இல்லை, குறுகியதும் இல்லை.

கால்பந்து என்று பெயர்;
காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான்.
எரி என்று ஏரிக்குப் பெயர்;
ஜனவரியில் உறைந்து கிடக்கிறது.
எங்கள் வங்கிக்கு
சேமிப்பு வங்கி என்று பெயர்.

வியாழன் விடியுமுன் பெர்னாடெட் போய் நின்றாள்.
முன்னால் நூற்று நாற்பது பேர்.
எண்ணாமல் அவளால் எங்கும் நிற்க முடியாது.
போன வாரம் பிளேஆஃப் டிக்கெட்டுக்கு நின்ற
அதே ஆட்கள், அதே மடக்கு நாற்காலி, அதே பிளாஸ்க்.
யாரும் பாடவில்லை, அவ்வளவுதான்.
பத்தரைக்குக் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்.
குளிரில் டேப் பிடிக்கவில்லை.
மேலாளர் கல்லஹர் உள்ளிருந்து வந்து
(அவர் மகளின் ஞானஸ்நானத்துக்கு
வெள்ளிக் கரண்டி கொடுத்தவர்கள் நாங்கள்)
கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை
அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

போட்ட பணம் வந்துவிடும், காப்பீடு உண்டு.
ஓட்டிஸின் ஓய்வுக்காலப் பணம் மொத்தமும்
அந்த வங்கியின் பங்குகளில்.
அதற்கு இல்லை.

ஞாயிறு.
மைதானத்தின் நெற்றியிலும் அதே வங்கியின் பெயர்.
ஓர் எழுத்து ஒரு பேருந்து உயரம்.
சீசன் முடியும்வரை பணம் கட்டியாகிவிட்டதாம்.
ஜெகஜோதியாக எரிந்தது.

கடைசி இரண்டு நிமிடம். நான்காம் முயற்சி.
பனிக்குள் ஆட்கள் குவிந்து, பிரிந்து,
அடியில் பந்து.
நடுவர் எங்களைக் கூப்பிட்டார்.
ஓடினோம்.
என் முனையை ஊன்றினேன். ஓட்டிஸ் இழுத்தான்.
ஒரு கண்ணி தளர்ந்திருந்தால் போதும்;
இந்த ஊரில் பிறந்தவன் அவன்,
இந்த அணிக்காகப் பல்லை உடைத்துக்கொண்டவன்,
அந்த வாரம் இருந்ததையெல்லாம் விட்டவன்.
கம்பி விறைக்க விறைக்க இழுத்தான்.
ஒரு விரல் குறைந்தது.
எழுபதாயிரம் பேர் மூச்சு விட்டது
வெள்ளையாக மேலே போனது.

என் கருத்தைக் கேட்டால்
(கேட்கவில்லை, வீட்டில் நானே சொன்னேன்):
அங்கே தப்பு செய்தவன் எண்ணை
நடுவர் மைக்கில் சொல்லுவார்.
அறுபத்து நான்கு. பிடித்து இழுத்தார்.
பத்து கஜம் பின்னே.
கதவில் ஒட்டிய தாளில்
இரண்டு பத்தி இருந்தது. எண் இல்லை.
'சந்தைச் சூழல்' என்று இருந்தது.
உப்பைத் தின்றது யாரென்றே தெரியாமல்
ஊரே தண்ணீர் குடிக்கிறது.
வங்கிக்குள்ளும் சங்கிலி பிடிக்க
இரண்டு பேர் வேண்டும்.

பெர்னாடெட் சூப்பை இறக்கிவைத்தாள்.
"இழுத்து அளக்கிறீர்கள், சரி.
பந்து எங்கே நின்றது என்று எப்படி வைத்தார்கள்?"

நடுவர் பார்த்து வைப்பார்.

"எதால் பார்த்து?"

கண்ணால்.

"இருபது பேர் மேலே கிடக்கும்போது."

ஆமாம்.

"உத்தேசமாக."

நான் ரொட்டியைப் பிய்த்தேன்.
பத்தொன்பது வருடம்.
உத்தேசத்தை ஒரு விரல்வரை
துல்லியமாக அளந்திருக்கிறேன்.

"அந்த மைதானத்தையும் நம் வரியில்தானே கட்டினார்கள்,"
என்றாள், என் தட்டில் ஊற்றிக்கொண்டே.
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

திங்கள் காலை ஓட்டிஸ் பணிமனைக்கு வந்தான்,
வேலை ஏதும் இருக்குமா என்று கேட்க.
ஏழாம் எண் பேருந்தின் அடியில் கிடந்தேன்.
பிரேக் கட்டை மூன்று மில்லிமீட்டர்.
"பிடி" என்று விளக்கை நீட்டினேன்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்,
ஆடாமல்.