புதன்கிழமைத் தவணை

செவ்வாய் இரவு கேபிள் டிவியில்
கருப்பாக ஒரு வட்டம் வரைந்தார்கள்.
ஈபிள் கோபுரம் அதற்குள் போனது.
அடுத்து தஞ்சாவூர்க் கோயில், நந்தியோடு.
அப்புறம் பனியன் விளம்பரம்.

நான் எல்.ஐ.சி. ஏஜென்ட்.
புதன்கிழமை வசூலுக்குக் கிளம்பினால்
மஞ்சக்குப்பம் முழுக்க ஒரே பதில்:
நாளைக்கு இருந்தா பார்ப்போம் மேடம்.
ரைஸ்மில் கலியமூர்த்தி,
பதினெட்டு வருடத்தில் ஒரு தவணை தவறாதவர்,
எல்லாரும் ஒண்ணாப் போறப்ப
நாமினி யாரும்மா, என்றார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முதுநகர் மார்க்கெட்டில்
கடைசி நாளும் கவலையா என்று
கடன் சொல்லி வஞ்சிரம் வாங்கினார் ஒருவர்.
அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர்.
கவலை, கூறு பத்து ரூபாய்க்குக் கிடந்தது.
நான் கவலையே வாங்கிக்கொண்டேன்.

ஜெராக்ஸ் கடை ஹபீபுல்லா எம்.எஸ்சி. பிசிக்ஸ்.
படித்ததைப் பேச அவனுக்கு வாய்த்த ஒரே நாள்.
ரசீதின் பின்பக்கம் அவனும் ஒரு வட்டம் போட்டான்:
இருபத்தேழு கிலோமீட்டர் சுரங்கம்,
ஏறக்குறைய இங்கிருந்து பாண்டி.
நொடிக்குப் பதினோராயிரம் சுற்று.
நம்ம ரூட்டு பஸ் தவளக்குப்பத்துலயே அரை மணி நிக்குது
என்றாள், அடையாள அட்டை நகலுக்குக் காத்திருந்தவள்.
வானத்திலிருந்து இதைவிட வேகமாய்
தினமும் வந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறதாம்.
நிலா முழுசாகத்தான் இருக்கிறதாம்.
இன்னைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் ஓட விடுறாங்க,
மோத விடுறது அப்புறம்.
அப்ப அதுவும் தவணைதான், என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

குடிகாட்டில் அஞ்சலாட்சி வீடு
கம்பெனி மதிலுக்கு இந்தப் பக்கம்.
நாத்தம் வருமா அதுல?
வராது.
சங்கு ஊதுவாங்களா?
ஊதமாட்டாங்க.
அப்ப எந்தப் பக்கம் ஓடுறது?
அவளுக்குத் தெரிந்த ஆபத்துக்கெல்லாம் வாசம் உண்டு:
அழுகின முட்டை, நகப்பூச்சு, அளிந்த பலாப்பழம்.
துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு
காற்றுக்குக் குறுக்கே ஓடவேண்டும் என்று
மூன்றாம் வகுப்பு மகனுக்கும் தெரியும்.
வாசமே இல்லாத ஒன்றுக்கு
எப்படிப் பயப்படுவது என்று
நிஜமாகவே விசாரித்தாள்.
மதிலுக்கு உள்ளே காய்ச்சுவதைச் சுற்றி
எந்த டிவியும் வட்டம் போட்டதில்லை.
பிறகு அரிசி டப்பாவில் கைவிட்டு
நூற்றி நாற்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தாள்.
அன்றைக்கு வந்த ஒரே தவணை.

எனக்குப் பயமே இல்லை என்று சொல்லமுடியாது.
தேவனாம்பட்டினத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு
முப்பத்தோரு கிளெய்ம் பாரம் எழுதினேன்.
இறப்பின் காரணம் என்ற இடத்தில்
முதல் நாலு பாரத்தில் கடல் என்று மட்டும் எழுதினேன்.
அந்தப் புதுச் சொல்லை எப்படி எழுதுவதென்று
ஆபீஸில் யாருக்கும் அப்போது தெரியாது.
கோடியில் ஒன்று என்று யாராவது சொன்னால்
எனக்கு அந்த ஒன்றின்
வீட்டு விலாசம் ஞாபகம் வரும்.

ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பியபோது மணி ஒன்று.
டிவி அணைந்தது. ஃபேன் தளர்ந்து நின்றது.
மெஷின் பாதிக் காகிதத்தைக் கவ்வியபடி உறைந்தது.
எதிர் டீக்கடையில் ஒருவர் கண்ணாடி டம்ளரை
மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வைத்தார்.
ஹபீபுல்லாகூட வாட்சைப் பார்த்தான்.

ஒண்ணுலேர்ந்து மூணு நம்ம ஏரியா கரண்ட் கட்டு
என்றாள், இன்னும் காத்திருந்தவள்.

ஒன்பது நாள் கழித்து
அங்கே ஏதோ வாயு கசிந்து
மெஷினையே நிறுத்திவிட்டதாக ஹபீபுல்லா சொன்னான்.
எந்த டிவியிலும் வரவில்லை.
அடுத்த மாதத் தவணைக்குப் போனபோது
அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.
அரிசி டப்பாவில் இருந்த கை
அப்படியே நின்றது.

கசிவா?
அங்க மதிலோரம்
யாரு குடியிருக்கா?