எழுபத்தோரு சதவீதம்

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் மொட்டை போட்டேன்.
மகளுக்குக் காய்ச்சல் இறங்கினால்
தருகிறேன் என்று சொன்ன முடி.
ஒரு கடனாவது தீர்ந்ததே என்று திரும்பினேன்.

திங்கள் காலை
பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி
டூட்டி ஆன் பண்ண முகத்தை நீட்டினால்
வட்டத்துக்குள் வா என்றது ஆப்.
வந்தேன்.
கண்ணைச் சிமிட்டு என்றது.
சிமிட்டினேன்,
பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா
தனக்கென்று நினைத்து முறைத்தாள்.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்,
மொட்டை அடித்தவன்கூட
என் தலையை இவ்வளவு திருப்பவில்லை.
கடைசியில் சொன்னது:
இது நீங்கள் இல்லை.

ஹெல்ப்பைத் தட்டினேன்.
பேசுவது ஆளா, ஆள் மாதிரியா, தெரியவில்லை.
'உங்கள் சிரமம் புரிகிறது தேசப்பன்' என்றது.
நான் தேசப்பன் இல்லை என்று பூட்டிவிட்டு
தேசப்பன் என்றே கூப்பிடுகிறது.
நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுக்க வேண்டுமாம்.
அதற்கு மணி நேரம் இலவசம்.

விக் வாங்கி மாட்டிக்கோ மச்சி, என்றான் பாஷா.
சிரித்தோம்.
அப்புறம் விலை விசாரித்தோம்.

அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை,
வெறும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஆடுதொட்டி முனைக்கு வருகிறேன். பேரிகேட்.
எங்கள் பக்கம் அது கரண்ட் கம்பம் மாதிரி,
எப்போதும் நிற்கும்.
'எந்த ஏரியா?'
சொன்னேன்.
சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று
எட்டாம் வகுப்பிலிருந்தே தெரியும்.
'எத்தனை கேஸ்?'
இல்ல சார்.
'மூஞ்சியக் காட்டு.'

இந்த போன் சிமிட்டச் சொல்லவில்லை.
திரும்பச் சொல்லவில்லை.
ஒரே நொடி.
'எழுபத்தோரு பர்சென்ட் சார்.
துளசிங்கம். ரெண்டு செயின், ஒரு அடிதடி.'

காலையில் இதே மொட்டைக்கு அடியில்
என்னைத் தேடிக் கிடைக்கவில்லை.
ராத்திரி துளசிங்கம் கிடைத்துவிட்டான்.
ஆதாரை எடுத்து நீட்டினேன்.
அதிலிருப்பவன் எங்கள் இரண்டு பேர் மாதிரியும் இல்லை.

இரண்டு மணி வரை ஸ்டேஷன் பெஞ்சில்.
ஏட்டு டீ வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்லணும்.
'மெஷின் தப்பாச் சொல்லாதுப்பா' என்றார்,
திட்டுகிற குரலில் இல்லை,
துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

மறுநாள் டீக்கடை டிவியில் இதைப் பற்றித்தான் விவாதம்.
தப்பு செய்யாதவன் ஏன் பயப்படணும் என்றார் ஒருவர்.
அவருக்கு நல்ல அடர்த்தியான முடி.
தனியுரிமை, தனியுரிமை என்றார் இன்னொருவர்.
சொல் எனக்குப் புதிது.
எங்கள் வீட்டில் ஒரே அறை.
தங்கச்சி துணி மாற்றும்போது
மற்ற ஐந்து பேரும் சுவரைப் பார்த்து நிற்போம்.
அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாமலே
நின்றிருக்கிறோம் இத்தனை வருஷம்.

பதினோராம் நாள் ஆப் என்னை ஒத்துக்கொண்டது.
வருத்தம் ஒன்றும் சொல்லவில்லை.
மழை பெய்தால் ஆர்டருக்குப் பத்து ரூபாய் கூட என்றது.
முடி அரை அங்குலம் வந்திருந்தது.

துளசிங்கம்தான் போக மாட்டேன் என்கிறான்.
ஸ்டான்லி வாசலில், தண்டையார்பேட்டை மெட்ரோ படியில்,
கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கும்போது
முன்னால் நிற்கிற வண்டியின் கண்ணாடியில்
முகம் முகமாகப் பார்க்கிறேன்.
நூற்றுக்கு எழுபத்தோரு பங்கு நான்
எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறேன்.
அவனையும் எங்கேயாவது நிறுத்துவார்கள்.
அப்போது யாராவது போனைப் பார்த்து
அவனிடம் சொல்வார்களா:
தேசப்பன்.
கேஸ் கிடையாது.
பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்
மொட்டை போடுகிறவன்.
எழுபத்தோரு பர்சென்ட் சார்.