கேள்வி பதினான்கு

நாகர்கோவில். மதியம் இரண்டரை.
திருத்தும் அறையில் மூன்று மின்விசிறி, சுற்றுவது ஒன்று.
ஆளுக்கு ஒரு வேளைக்கு இருபத்தைந்து தாள்.
எனக்கு இது பதினெட்டாவது.
பெயர் கிடையாது, ஊர் கிடையாது,
கிழித்தெடுத்த மேல்பகுதிக்குக் கீழே
ஓர் எண், சாய்ந்த நீலக் கையெழுத்து.

'கடமைவாதத்தையும் பயன்வாதத்தையும்
தக்க உதாரணத்துடன் ஒப்பிடுக.'
பத்து மதிப்பெண்.
விடைக்குறிப்பு சொல்கிறது: வரையறைக்கு நான்கு,
வேறுபாட்டுக்கு நான்கு, உதாரணத்துக்கு இரண்டு.
இதுவரை பதினேழு பேரும் ஒரே ரயிலை ஓட்டினார்கள்,
ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேரைக் கட்டிப்போட்டு
இன்னொன்றில் ஒருவனைக் கட்டிப்போட்டு
நெம்புகோலை என் கையில் திணித்துவிட்டு.
இரணியல் ஸ்டேஷன் வழியாகத் தினமும் வருகிறேன்,
ஒருத்தரும் கட்டுண்டு கிடந்ததில்லை.

பதினெட்டாவது ரயில் ஏறவில்லை.

'ப்ளஸ் டூ முடிச்ச வருசம் போட்டில் சமையலுக்குப் போனேன்.
தேங்காப்பட்டணத்திலிருந்து ஒன்பதாம் நாள்.
காற்று மாறிவிட்டது.
கரை பிடிக்க மட்டும் டீசல்.
வயர்லெஸ்ஸில் ஒரு குரல்:
தண்ணி ஏறுது, ஆராவது வாருங்கோ.
மேற்கே இருபது கடல்மைல்.
குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.
ததேயு மாமா போட்டைத் திருப்பவில்லை.
யாரையும் கேட்கவுமில்லை.
வயர்லெஸ்ஸை அணைத்தார்.
அணைத்ததின் முன்னால் கரை வரும்வரை உட்கார்ந்திருந்தார்.
நாங்கள் பதினோரு பேர் வந்தோம்.
அவர்கள் ஏழு பேர் வரவில்லை.
பதினொன்று பெரிசு என்பது பயன்வாதம்.
கடலில் கூப்பிட்டால் போகணும் என்பது கடமையா
என்று எனக்குத் தெரியாது,
எங்களுக்கு அதை யாரும் சொல்லித்தந்ததில்லை.
மாமா இப்போது போன் வைத்துக்கொள்வதில்லை.
இந்தப் பரீட்சைக்குக் கட்டிய பணம்
அந்தப் பயணத்துச் சூரை விற்றது.
அந்த நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.'

அதோடு நிற்கிறது. கோடு போட்டு முடிக்கவும் இல்லை.

கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள்.
'கதையா? உதாரணத்துக்குள்ள ரெண்டைப் போடும்,
டீ வருது.'

கூட்டினேன். இதுவரை இருபத்துநான்கு.
முப்பது இருந்தால் தேறுவான்.
விதி என்றால் இரண்டு.
எல்லோருக்கும் ஒரே முழக்கோல்,
எனக்கு இரக்கம் வரும்போது நீளாத முழக்கோல்.
விளைவு என்றால் ஆறு.
ஒருவன் தேறினால் யாருக்கு என்ன நட்டம்?
நல்ல மனுஷி இந்த இடத்தில் என்ன செய்வாள்
என்று கேட்கச் சொல்கிறது கேள்வி பதினைந்து,
ஐந்து மதிப்பெண்ணுக்கு.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள்.
துடைத்தேன்.

இரண்டு என்று போட்டேன்.
அடித்துவிட்டு ஆறு.
அடித்த இடத்தில் கையெழுத்து வைக்கவேண்டும், வைத்தேன்.
தலைமைத் தேர்வாளர் நாலு மேசை தள்ளி
வாழைக்காப் பஜ்ஜியை எண்ணெய் போக
பழைய வினாத்தாளில் அழுத்திக்கொண்டிருந்தார்.
கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

டீ ஆறியபிறகுதான் ஞாபகம் வந்தது
இதே கட்டில் ஐந்தாவது தாள்.
இருபத்தெட்டில் நின்றது.
இரண்டே இரண்டு.
அது ரயிலைத்தான் எழுதியிருந்தது,
எழுத்துப் பிழையோடு, பாதி வரையறையோடு,
எந்தக் குரலும் இல்லாமல்.
அதன் வீட்டில் என்ன விற்றுப் பணம் கட்டினார்களோ
அது எழுதவில்லை, நான் கேட்கவும் வழியில்லை.

கட்டு என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது.
நூலை அவிழ்த்தால் அரை நிமிட வேலை.

பத்தொன்பதாவதை எடுத்தேன்.
காலையில் வாசலிலேயே அணைக்கச் சொன்ன போன்
பைக்குள் அப்படியே கிடந்தது.