இன்னும் நாற்பத்திரண்டு

பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் இருக்கிறது.
பகாவுக்கு இரண்டரை மணி கூட்ட வேண்டும்.
கூட்டினார் சபேச குருக்கள்,
கோயில் கதவில் சாக்பீஸால் எழுதினார்:
கிரகணம் 10.38. நடை சாத்தப்படும்.

குணாளனுக்கு வேலை நின்றது.
உள்ளே, பாதி நீலமாகி நிற்கிறார் சனீஸ்வரன்,
காகத்துக்கு இன்னும் கண் வைக்கவில்லை.
பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டு
தூங்குமூஞ்சி மரத்தடியில் ரொட்டி சானாய் பிரித்தான்.

செம்பனை ஆலை லேபிலிருந்து நான் வந்தேன்,
வெல்டரிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடியோடு.
காலை முழுக்க எண்ணெயில் அமிலம் அளந்த கை.
கடைசிச் சொட்டில் ஓர் இளஞ்சிவப்பு வரும்;
அம்மன் பாதத்துக்கு அதைக் கேட்பான் குணாளன்.
நிற்காதுப்பா, போயிடும் என்பேன்.

கிரகணத்தில் சாப்பிடலாமா, என்றேன்.
எங்கே கிரகணம், என்றான்.
மணி பதினொன்று. முழுசாக எரிந்தது சூரியன்.

அப்புறம் கண்ணாடியே தேவைப்படவில்லை.
இலை இடுக்கில் நுழைந்த வெயிலெல்லாம்
வாசல் சிமென்ட்டில் பிறை பிறையாக விழுந்தது,
வெட்டிப் போட்ட நகங்கள் மாதிரி.
ஊசித்துளை, என்றேன்.
ராகு, என்றான்,
அதற்குள் குருக்களின் சாக்பீஸ் அவன் கையில்.
ஒன்றை வரைந்து முடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும்.
கெட்ட வார்த்தை சொல்லி அடுத்ததைப் பிடிப்பான்.
பக்கத்தில் குந்தி நான் மணி எழுதினேன்.

செய்யுளில் கணக்கு எழுதியவர்கள் இருந்தார்கள்.
நிலா என்றால் ஒன்று, கண் இரண்டு,
வேதம் நான்கு, பல் முப்பத்திரண்டு,
ஆகாயம் என்றால் சுழியம்.
சீர் தட்டினால் கிரகணமும் தட்டும்.
வேலை என்ற கட்டத்தில்
என்ன நிரப்பியிருப்பார்கள்?
நான் லேப் உதவியாளர் என்று எழுதுகிறேன்.
குணாளன் கட்டத்தையே காலியாக விடுகிறான்.

மூன்றேகாலுக்குக் கதவு திறந்தது.
தீட்டுக் கழுவ ரப்பர் குழாயோடு வந்த குருக்கள்
தரையைப் பார்த்து நின்றார்.
தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது.
யார், என்று கேட்கவில்லை.
குனிந்து முதல் பிறையைத் தேடினார்:
ஓரத்தில் ஒரு கடி, 11.20.

உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார்.
என் பேனாவைக் கேட்டு வாங்கி
ஓரத்தில் எழுதினார்:
இங்கே, இன்னும் நாற்பத்திரண்டு.

பிறகு, எப்போதும் போல,
வாசலைக் கழுவினார்.