ஒரு கணு குறைந்த ஆளுநர்

ஆளுநரின் முகத்தை நான் கையால்தான் அறிவேன்.
உள்ளங்கையில் சுண்ணக்கட்டித் தூள் தடவி
செப்புத் தகட்டின் மேலே நிற்கும் மையை வழித்தெடுப்பது
என் வேலை.
கோட்டுக்குள் இறங்கியது அங்கேயே கிடக்கவேண்டும்.
கொஞ்சம் அழுத்தினால் தாடி நரைத்துவிடும்,
கொஞ்சம் விட்டால் கன்னத்தில் கரி.
ஒரு நாளைக்கு எண்பது தரம்
ஹோல்ட்வைக் பிரபு எவர்ஹார்டின்
மூக்கைத் துடைத்துவிட்டிருக்கிறேன்,
சளி பிடித்த பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

நேரில் ஒரே ஒருமுறை.
டெவன்டரில் ஐசல் ஆறு உறைந்துகிடந்த மாதம்,
லுப்பெர்ட்டின் பட்டறையில் வந்து உட்கார்ந்தார்.
கவசம் குளிரில் கடித்திருக்கவேண்டும்,
நெளிந்துகொண்டே இருந்தார்.
இடக்கைச் சுண்டுவிரலில் மேல்கணு இல்லை.
போரா என்று நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு,
"லாயத்துக் கதவு, எனக்கு ஏழு வயது" என்றார்.
சிரித்தார். பல் நன்றாயில்லை.
"இருப்பதைப் போடு" என்றார் லுப்பெர்ட்டிடம்.

லுப்பெர்ட் போட்டார்.
கழுத்துப்பட்டியின் லேசுக்குப் பதினொரு நாள்,
கண்களுக்கு ஒரு காலைப்பொழுது,
விரலுக்கு ஒரு கீறல் குறைவு.
அச்சில் இடம் வலமாகும் என்பதால்
கண்ணாடியைச் சாய்த்துவைத்து,
கணுவில்லாத கை
கணுவில்லாத கையாகவே விழும்படி.

அறுவடைக்கு முன் வயிற்றுக்கடுப்பில் போய்விட்டார்.
படத்தின் அடியில் நாலு வரி எழுத வந்த
இலத்தீன் வாத்தியார்
அதை அப்படியே சொல்ல யாப்பு இடம் தராது என்று
விண்ணுக்கு ஏற்றிவிட்டார்.
எனக்கு இலத்தீன் தெரியாது.
அந்த ஏற்றத்தையும் துடைத்தேன், எழுத்தெழுத்தாக.

பிறகு ரைனோல்ட் வான் ஆஸ்பர்லோ வந்தார்,
புது ஆளுநர்.
நகரசபை எழுத்தர் கணக்குப் புத்தகத்தோடு வந்தார்.
செம்பு விலை ஏறிக்கிடக்கிறது,
கவசம் கவசம்தானே,
செங்கோலும் பொதுவானதே,
தலையை மட்டும் மாற்று.

தகட்டைக் குப்புறப் போட்டு
முகம் இருந்த இடத்தில் பின்னாலிருந்து தட்டினார் லுப்பெர்ட்.
பெரிய அடி இல்லை,
முட்டையை உடைக்காமல் தட்டுவது மாதிரி.
திருப்பிச் சுரண்டினார், எண்ணெய் விட்டு இழைத்தார்.
மூக்கு போயிற்று. தாடி போயிற்று.
ஒரு காது ஆழமாய் விழுந்திருந்தது,
வர மறுத்தது.
சுரண்டிக் களைத்து
அதன்மேல் புதியவருடைய மயிரை
அடர்த்தியாக இறக்கிவிட்டார்.

விரலை ஒருவருக்கும் ஞாபகமில்லை.
எனக்கு இருந்தது.
எண்பது தாளுக்கு ஆறு ஸ்டைவர் வாங்குகிறவளை
யார் கேட்டார்கள்.

இருநூறு பிரதி விற்றது.
பாலாடைக்கட்டி விற்கும் ஹில்லேகொன்ட்தான் முதலில் கண்டாள்:
"ஐயோ, எந்த முற்றுகையில் போயிற்றோ."
படகோட்டிக்கு முற்றுகையின் பெயரே தெரிந்திருந்தது.
பனி விழுவதற்குள்
வாளைக் கையால் பிடித்து நிறுத்தினார் என்றார்கள்,
கணு ஆற்றில் விழுந்தது,
ஒரு மீன் விழுங்கியது,
அந்த மீன்கூடப் பிடிபட்டது.

சித்திரைச் சந்தையன்று பட்டறைக்கு வந்தார் ஆஸ்பர்லோ.
நான் எழுந்து நின்றேன், கையெல்லாம் மை.
கோபிப்பார் என்று லுப்பெர்ட்
உளியை மேசைக்கடியில் வைத்தார்.
அவரோ படத்தை வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
முகத்தை அல்ல.
இன்னும் நூறு போடு என்றார்.

வெயில் கொளுத்திய நாள்.
வலக்கை உறையைக் கழற்றிக் காசு எண்ணினார்.
இடக்கை உறை இருந்தது.
அதன் சுண்டுவிரல் நுனி
மடங்கி, உள்ளே ஏதுமில்லாததுபோல்
தளர்ந்து தொங்கியது.
உள்ளே விரலை எப்படி மடக்கி வைத்திருந்தாரோ,
எவ்வளவு வலித்ததோ.

அவர் போனபின் தகட்டைச் சூடுகாட்டி
மறுபடி மை பூசினேன்.
மயிருக்குள் அந்தக் காது இருக்குமிடத்தில்
என் கை வழக்கம்போல
கொஞ்சம் மெதுவாகப் போயிற்று.