நிமிடத்துக்கு எழுநூறு

திரையின் நடுவே ஒரே ஒரு சொல்.
சொல்லின் நடுவே சிவப்பாய் ஓர் எழுத்து.
சொல் மாறும், சிவப்பு நகராது.
கண் அசையவே வேண்டாம் என்பதுதான்
இந்த மென்பொருளின் சாமர்த்தியம்.

துரோன்ஹைமில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
காப்பீட்டு அலுவலகத்தின் நான்காம் மாடியில்
சுன்னிவா ஹெக்ஸ்டாட்
மதியத்துக்குள் பதினோரு கோப்பு முடித்திருந்தாள்.
மேலாளர் கேக் வாங்கி வந்தார்.
பிரிந்துபோனவனின் நீண்ட மின்னஞ்சலைக்கூட
அதில்தான் ஓட்டினாள்.
ஐம்பத்திரண்டு நொடி. வலிக்கவில்லை.

பன்னிரண்டாவது, மூழ்கிய மீன்பிடிப் படகு.
ஐலர்ட் என்பவனின் வாக்குமூலம்.
அலை, கயிறு, குளிர், கடிகாரம்
எல்லாம் ஒழுகும் குழாய் போல
ஒரே இடத்தில் சொட்டின.
காவல் நேரத்தில் உறங்கினேன் என்கிறான்.
நிராகரித்தாள்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை,
மாத்திரை என்றால் ஓர் இமைப்பு.
'அ' என்று வாய் திறந்து மூடுவதற்குள்
இங்கே மூன்று சொல் போய்விடுகிறது.
அவர்கள் மொழியில் 'இல்லை'
வினையோடு ஒட்டிக்கொள்ளாது,
பின்னால் தனியே வந்து நிற்கும்.
நான்கே எழுத்து.

அன்று ஹீட்டர் காற்றில்
சுன்னிவாவுக்குக் கண் வறண்டிருந்தது.
அவ்வளவுதான்.

ஐலர்ட் மேல்முறையீடு ஒன்றும் எழுதவில்லை.
அதே பக்கத்தைத் தபாலில் மறுபடி அனுப்பினான்,
ஒரு சொல்லின் கீழ் மட்டும்
காகிதம் கிழியப் பார்க்கும் அளவுக்கு
பேனாவால் கோடு இழுத்து.

மென்பொருளுக்குக் கோடு தெரியாது.
தாளைத் திருப்பினாள்.
பின்புறம் புடைத்திருந்தது.
விரலை அங்கேயே வைத்திருந்தாள்.