ஆள்காட்டி வாய் மூடும் தூரம்

கல்யாண வீட்டில் என் வாய்க்கு ஒரே வேலை:
"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க."
மாப்பிள்ளை, பெண், பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள்,
எல்லாரையும் இருபது வருஷமாய்
ஒரே சட்டத்துக்குள் நெருக்கியவன்.

பங்குனிக் கடைசி. பள்ளத்தூரில் பந்தி முடிந்து
கோட்டையூர் போகிற வழியில்
கண்மாய்க்கு மேற்கே, செம்புராங்கல் பொட்டலில்
வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
சவரிமுத்து வேலிக்கருவை நிழலில்
பீடாவை மென்றபடி உட்கார்ந்துவிட்டான்.

நாலு முட்டை.
கூடு என்று சொல்ல ஒரு குச்சி கிடையாது.
சரளையில் கையளவு பள்ளம்,
சரளை நிறத்திலேயே ஓடு.
நேற்றே பார்த்து வைத்திருந்தேன்.
கையில் இருந்தது கல்யாண லென்ஸ்.
அதனால் நடந்தேன்.

தலைக்கு மேல் ஒன்று, தரையில் ஒன்று,
மஞ்சள் காலில் ஓடி ஓடிக் கத்தின.
குந்தினேன். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்,
மணப்பெண்கள் பழகுவதைப் போல.

பெட்டை கண்மாயின் மிச்சத் தண்ணீருக்குப் போனது.
நெஞ்சை நனைத்துக்கொண்டு திரும்பியது.
முட்டைக்கு ஈரம்.
பாதியில் நின்று என்னைப் பார்த்தது.
சொட்டியது சரளையில்.
சொட்டு விழுந்த இடம்
நான் ஃபோகஸ் வைப்பதற்குள் காய்ந்தது.

மறுபடி போனது. மறுபடி நனைந்து வந்தது.
மறுபடி பாதியில்.

உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

குந்தியபடியே பின்னால் நகர்ந்தேன்,
விசேஷத்துக்கென்று போட்ட வெள்ளை பேன்ட்டில் செம்மண்.
பிறகு எழுந்து, ஒவ்வோர் எட்டாய்.
பத்தில் ஒன்றும் மாறவில்லை.
இருபத்தைந்தில் மேலே பறந்தது இறங்கியது.
அப்புறம் விட்டு விட்டு.
நாற்பத்தொன்றில்
வேலிக்கருவை முள் முதுகில் ஏறியபோது
சத்தமே இல்லை.

ஈர நெஞ்சு முட்டைமேல் அமர்ந்தது.

ஆள்காட்டி என்று பேர் வைத்தவனும்
ஒரு நாள் இப்படி
போகக்கூடாத இடத்தில் குந்தியிருந்திருப்பான்.

அங்கிருந்து ஒன்றே ஒன்று எடுத்தேன்.
ஆல்பம் தேர்ந்தெடுக்க வந்த பெண்ணின் அம்மான்
தாலி முடிச்சுக்கும் மறுவீட்டுக்கும் நடுவே நிறுத்தி,
"இது என்னப்பா, வெறும் பொட்டல்?"
சவரிமுத்து திரையில் விரல் வைத்து
ஒரு புள்ளியைத் தொட்டான்.
"பெருசு பண்ணு, பாப்போம்."

பெரிது பண்ணினேன். கட்டம் கட்டமாய் உடைந்தது.
"அவ்வளவுதாங்க," என்றேன்.
"அதுக்கு மேல கிட்டப் போக முடியாது."